சொந்த டெஸ்க்டாப் மென்பொருளைச் சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்புவது எப்படி? (விவாத இழை)

பனியன்நகர்_ஐடி

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறேன். ஆர்டர், நூல் கிடங்கு, பில்லிங் எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடுகிறது. எங்கள் டெவலப்பர்களே எழுதிய விண்டோஸ் ஃபார்ம்ஸ் அப்ளிகேஷன், .நெட் ஃபிரேம்வொர்க் 4.8, பின்னால் டேட்டாபேஸாக எஸ்க்யூஎல் சர்வர். தலைமை அலுவலகத்தில் சுமார் நூறு கணினிகள், பெருந்துறை யூனிட்டில் நாற்பது. இரண்டுக்கும் நடுவே 20 எம்பிபிஎஸ் லைன்.

இப்போது எக்ஸி (மென்பொருளை ஓடவைக்கும் புரோகிராம் ஃபைல்) ஃபைல் சர்வரில் ஒரு ஷேர்டு ஃபோல்டரில் இருக்கிறது. எல்லோருடைய டெஸ்க்டாப்பிலும் அதற்கு ஒரு ஷார்ட்கட். புது எக்ஸி போட வேண்டுமென்றால் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் போன் போட்டு "வெளியே வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்துவிடும். பெருந்துறையில் அப்ளிகேஷன் அடிக்கடி தானாகவே மூடிக்கொள்ளவும் செய்கிறது.

பயனர்கள் யாருக்கும் அட்மின் உரிமை இல்லை, கொடுக்கவும் போவதில்லை. வெப் அப்ளிகேஷனாக மாற்றி எழுதுவது இப்போதைக்கு இல்லை. கிடங்கில் எடை மெஷினும் பார்கோடு பிரிண்டரும் நேரடியாக அப்ளிகேஷனோடு பேசுகின்றன. இந்த நிலைமையில் சரியான வழி எது?

பழைய_சர்வர்

ஷேரிலிருந்து ஓடவிடுவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: ஒரே ஒரு காப்பிதான், யாரிடமும் பழைய வெர்ஷன் தங்காது. ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள் காலத்திலிருந்தே பல அலுவலகங்கள் இப்படித்தான் ஓட்டின. ஃபைலை விடுவிப்பதற்குப் போன் செய்யத் தேவையில்லை. சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் "ஓப்பன் ஃபைல்ஸ்" பட்டியல் இருக்கும். அதில் அந்த எக்ஸியைப் பிடித்து வைத்திருக்கும் இணைப்புகளை மூடிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

வைகைக்கரை

அது வேண்டாம். யாரோ ஒருவர் பாதி பில் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்பை மூடினால் அவருடைய அப்ளிகேஷன் அந்த நொடியே விழும், அல்லது அடுத்த ஸ்க்ரீனைத் திறக்கும்போது விழும்.

பெருந்துறையில் நடப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எக்ஸியைத் திறந்ததும் விண்டோஸ் அதை முழுவதுமாக மெமரியில் ஏற்றிக்கொள்வதில்லை. தேவைப்படும் பக்கத்தைத் தேவைப்படும்போதுதான் ஃபைலிலிருந்து படிக்கிறது. மெமரி நெருக்கடி வந்தால் படித்த பக்கங்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு மறுபடி ஃபைலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஃபைல் லோக்கல் டிஸ்க்கில் இருந்தால் பிரச்சனையில்லை. அது பெருந்துறையிலிருந்து திருப்பூர் சர்வர் வரை போக வேண்டியிருந்து, லைன் கொஞ்ச நேரம் விட்டுப்போயிருந்தால், படிக்கப் போன பக்கம் கிடைக்காது. "இன்-பேஜ் எரர்" என்று புரோகிராம் செத்துப்போகும். ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து பாருங்கள், அங்கே இது பதிவாகியிருக்கும். டெவலப்பர்கள் தங்கள் கோடில் எவ்வளவு தேடினாலும் இந்தப் பிழை கிடைக்காது, அது கோடில் இல்லை.

ஆகவே எக்ஸி பயனரின் கணினியில்தான் இருக்க வேண்டும். சர்வர் அதன் மூலக் களஞ்சியமாக இருந்தால் போதும். எங்கள் இடத்தில் லாஞ்சர் முறையில் ஓடுகிறது. ஷார்ட்கட் திறப்பது அப்ளிகேஷனை இல்லை, லாஞ்சர் என்ற ஒரு சின்ன புரோகிராமை. அது சர்வரில் இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைப் படிக்கும். "இப்போதைய வெர்ஷன் 4.12.3" என்று அதில் இருக்கும். அந்த வெர்ஷன் பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டரில் ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடங்கும். இல்லாவிட்டால் சர்வரிலிருந்து இறக்கிவிட்டுத் தொடங்கும். அந்த ஃபோல்டரில் எழுத அட்மின் உரிமை தேவையில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒவ்வொரு வெர்ஷனும் தனி ஃபோல்டரில் இருக்க வேண்டும், பழையதன் மேல் புதியதை எழுதவே கூடாது. அப்புறம், இறக்கும்போது ஒரு தற்காலிகப் பெயரில் ஃபோல்டர் உருவாக்கி, எல்லா ஃபைலும் வந்து சேர்ந்த பிறகுதான் சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதி ஃபோல்டர் தற்காலிகப் பெயரிலேயே கிடக்கும், லாஞ்சர் அதைத் தொடாது. சர்வர் பக்கமும் இதே ஒழுங்கு: முதலில் எல்லா ஃபைலையும் ஏற்றுங்கள், வெர்ஷன் எழுதிய டெக்ஸ்ட் ஃபைலைக் கடைசியில் மாற்றுங்கள். அதை முன்னாடியே மாற்றிவிட்டால், காலையில் சீக்கிரம் வருகிறவருக்குக் குறைப் பிரசவமான வெர்ஷன்தான் போகும்.

கொங்கு_டெவ்

லாஞ்சரை நாமே எழுதி நாமே பராமரிப்பதைவிட மைக்ரோசாஃப்ட்டின் கிளிக்ஒன்ஸ் இருக்கிறதே? 2005-ல் .நெட் 2.0-வோடு வந்தது, இன்னமும் வேலை செய்கிறது. விஷுவல் ஸ்டுடியோவில் பப்ளிஷ் செய்தால் போதும், சர்வரில் ஒரு ஷேரிலோ உள் வெப்சைட்டிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். பயனர் ஒரு முறை இன்ஸ்டால் செய்துகொண்டால், பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது வெர்ஷன் இருக்கிறதா என்று அதுவே பார்க்கும். அட்மின் உரிமை தேவையில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்திருப்பதால் மாறிய ஃபைல்கள் மட்டும்தான் இறங்கும். .நெட் 5-க்குப் போனாலும் ஆதரவு இருக்கிறது.

இயல்பான அமைப்பில் விட்டால் "இப்போது வேண்டாம்" என்று பயனர் அப்டேட்டைத் தள்ளிப்போட முடியும். அதைத் தடுக்க, குறைந்தபட்ச வெர்ஷன் என்ற இடத்தில் புது எண்ணைப் போட்டே பப்ளிஷ் செய்யுங்கள். அப்போது கேள்வி கேட்காமல் இறங்கிவிடும்.

தறிநாடா

கிளிக்ஒன்ஸ் நல்லதுதான். ஆனால் அது பயனரின் புரொஃபைலுக்குள் மட்டுமே வேலை செய்யும். உங்களுக்குப் பார்கோடு பிரிண்டர் டிரைவர் வேண்டும், ரிப்போர்ட்டுக்கு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் ரன்டைம் (அதை ஓடவைக்கத் தேவையான துணை ஃபைல்கள்) வைத்திருந்தால் அதுவும் வேண்டும். இவையெல்லாம் கணினிக்கே இன்ஸ்டால் ஆக வேண்டியவை, அட்மின் உரிமை கேட்பவை. ஆக்டிவ் டைரக்டரி (பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வர் வசதி) இருந்தால், அதன் அமைப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பும் குரூப் பாலிசி வழியாக எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) பேக்கேஜாக அனுப்புங்கள். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் வசதி, தனிக் கட்டணம் கிடையாது.

பலரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்கள் மூன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். பேக்கேஜின் பாதையை டிரைவ் லெட்டரோடு கொடுத்தால் வேலை செய்யாது, சர்வர் பெயரோடு முழு நெட்வொர்க் பாதையாகக் கொடுக்க வேண்டும். இன்ஸ்டால் செய்வது பயனர் இல்லை, கணினி. அதனால் அந்த ஷேரில் "டொமைன் கம்ப்யூட்டர்ஸ்" குழுவுக்குப் படிக்கும் உரிமை வேண்டும்.

மூன்றாவதுதான் கண்ணில் படாதது. விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். ஷட்டவுன் கொடுத்தால் கெர்னலை டிஸ்க்கில் சேமித்துவிட்டுத் தூங்கும். மறுநாள் பவர் பட்டனை அழுத்தும்போது நடப்பது முழு பூட் இல்லை. கணினி தொடங்கும்போது நடக்க வேண்டிய இன்ஸ்டால் அதனால் நடக்காது. பயனர் தினமும் மாலை ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போகிறார், ஆனாலும் பேக்கேஜ் போய்ச் சேரவில்லை என்றால் காரணம் இதுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடும். அலுவலகக் கணினிகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்துவிடுவதே மேல். கூடவே "நெட்வொர்க் வரும்வரை காத்திரு" என்ற பாலிசியையும் ஆன் செய்யுங்கள்.

எது எங்கே இன்ஸ்டால் ஆனது என்ற அறிக்கை மட்டும் குரூப் பாலிசியில் கிடைக்காது. அந்த ஒரு குறைக்காகவே பலர் இன்ட்யூன், பிடிக்யூ டிப்ளாய் போன்ற மென்பொருள் விநியோகக் கருவிகளுக்குப் போகிறார்கள்.

பழைய_சர்வர்

வைகைக்கரை, அந்த இன்-பேஜ் எரர் விளக்கம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் முக்கியமான கவலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஷேரில் ஒரே காப்பி இருந்தால் எல்லோரும் ஒரே வெர்ஷன். லோக்கல் காப்பி என்று போய்விட்டால் காலையில் திறந்தவரிடம் பழையது, மதியம் திறந்தவரிடம் புதியது. இரண்டும் ஒரே டேட்டாபேஸில் எழுதும். அதைவிட ரிமோட்ஆப் போட்டுவிடலாமே? அப்ளிகேஷன் சர்வரிலேயே ஓடும், பயனருக்கு விண்டோ மட்டும் தெரியும். விண்டோஸ் சர்வர் 2008 முதல் இருக்கிறது.

வைகைக்கரை

அக்கவுன்ட்ஸ், மெர்ச்சண்டைசிங் மாதிரியான இடங்களுக்கு ரிமோட்ஆப் பொருந்தும், லைசென்ஸ் செலவுக்குத் தயார் என்றால். கிடங்குக்கு வேண்டாம் என்பேன். எடை மெஷின் சீரியல் போர்ட்டில் இருக்கும். அந்தப் போர்ட்டை ரிமோட் செஷனுக்குள் கொண்டுபோக முடியும்தான், ஆனால் லைன் விட்டு விட்டு வரும் இடத்தில் செஷன் மறுபடி இணையும்போதெல்லாம் போர்ட் கிடைக்காமல் தகராறு செய்யும். லாரி வாசலில் நிற்கும்போது அது நடந்தால் கிடங்குக்காரர் என்ன செய்வார்?

வெர்ஷன் கலப்புப் பற்றிய கவலை நியாயமானது. டேபிள்_ஜாயின் இருக்கிறாரா? அவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

டேபிள்_ஜாயின்

இருக்கிறேன். இந்த இழை முழுக்க ஃபைலை எப்படிக் கொண்டுபோவது என்றே பேச்சு போகிறது. அது எளிதான பாதி. பழைய_சர்வர் தொட்டதுதான் கஷ்டமான பாதி: பழைய அப்ளிகேஷன் புது டேட்டாபேஸைச் சந்திக்கும் அந்த நேரம். ரோபோகாப்பி (விண்டோஸோடு வரும் காப்பி கட்டளை), கிளிக்ஒன்ஸ், எம்எஸ்ஐ எதைப் போட்டாலும் இது தீராது. ஷேரில் ஒரே காப்பி வைத்தாலும் தீராது. நேற்றுத் திறந்து லாக் செய்துவிட்டுப் போனவரின் மெமரியில் ஓடுவது பழையதுதானே. அதனால்தான் ஃபைலையே மாற்ற முடியாமல் போன் போட வேண்டிவருகிறது.

முதலில், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் டேட்டாபேஸிடம் இருக்கட்டும். ஒரு சின்ன டேபிள், அதில் "அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச வெர்ஷன்" என்று ஓர் எண். லாகின் ஆகும்போது அப்ளிகேஷன் தன் எண்ணை அதோடு ஒப்பிட வேண்டும். குறைவாக இருந்தால் "புது வெர்ஷன் வந்துள்ளது, மூடிவிட்டு மறுபடி திறக்கவும்" என்று சொல்லி நின்றுவிட வேண்டும். லாகினோடு விட்டுவிடக் கூடாது. பில்லைச் சேமிக்கும் ஸ்டோர்டு புரொசீஜருக்கு (டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் சின்ன புரோகிராம்) வெர்ஷன் எண்ணையும் ஒரு பாராமீட்டராக அனுப்பி அங்கேயும் சரிபாருங்கள். நாள் கணக்கில் மூடாமலே வைத்திருப்பவர்கள் அங்கேதான் பிடிபடுவார்கள். கிளிக்ஒன்ஸில் கண்ட்ரோல் பேனல் வழியாகப் பயனரே முந்தைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியும் என்பதால் அங்கேயும் இந்தத் தடுப்பு அவசியம்.

அதற்காக எந்தச் சின்ன மாற்றத்துக்கும் எல்லோரையும் வெளியே தள்ளக் கூடாது. டேபிளை மாற்றும் விதத்தில் ஒழுங்கு இருந்தால் பழையதும் புதியதும் சில நாட்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். இன்வாய்ஸ் டேபிளில் "வாகன எண்" என்று புது காலம் (டேபிளின் நெடுவரிசை, column) சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அதைக் காலியாக இருக்க அனுமதித்துச் சேர்த்தால் பழைய அப்ளிகேஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஆனால் பழைய கோடில் காலம் பெயர்களைச் சொல்லாமல் "இன்சர்ட் இன்டு இன்வாய்ஸ் வேல்யூஸ்" என்று மொட்டையாக எழுதியிருந்தால், காலம் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று அது உடனே உடையும். "செலக்ட் ஸ்டார்" போட்டுவிட்டு ஏழாவது காலம், எட்டாவது காலம் என்று வரிசை எண்ணில் படிக்கும் கோடும் ஆபத்துதான், யாராவது டேபிளை வேறு வரிசையில் திரும்ப உருவாக்கினால் தேதி இருக்க வேண்டிய இடத்தில் தொகை வந்து நிற்கும். டிப்ளாய்மென்ட் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் உங்கள் டெவலப்பர்களிடம் இந்த இரண்டையும் தேடிக் களையச் சொல்லுங்கள்.

காலத்தின் பெயரை மாற்றுவதையோ, காலத்தை நீக்குவதையோ ஒரே ரிலீஸில் முடிக்கவே கூடாது. புதியதைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, எல்லாரும் புது அப்ளிகேஷனுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அடுத்த ரிலீஸில் பழையதை எடுங்கள். யார் எந்த வெர்ஷனில் இருக்கிறார் என்பதை லாகின் டேபிளில் எழுதி வைத்தாலே தெரிந்துவிடும். தறிநாடா சொன்ன அறிக்கைக் குறையும் இதில் பாதி தீரும்.

இன்னொன்று. எக்ஸிக்குள் இருக்கவே கூடாதவற்றை வெளியே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் நகர்ந்தன. விகிதத்தைக் கோடில் எழுதி வைத்திருந்தவர்கள் அன்று காலை ஒரு கணினி விடாமல் புது எக்ஸி போட்டாக வேண்டும், ஒன்று தவறினாலும் தப்பான பில். விகிதத்தை அமலாகும் தேதியோடு ஒரு டேபிளில் வைத்திருந்தவர்களுக்கு முந்தைய வாரமே சில பதிவுகளைச் சேர்த்தால் முடிந்தது.

பனியன்நகர்_ஐடி

எல்லோருக்கும் நன்றி. ஈவென்ட் வியூவரில் பார்த்தேன், பெருந்துறைக் கணினிகளில் இன்-பேஜ் எரர் வரிசையாக இருக்கிறது. லோக்கல் காப்பி என்று முடிவாகிவிட்டது. டேபிள்_ஜாயின் சொன்ன மொட்டை இன்சர்ட்களை டெவலப்பர்கள் தேட ஆரம்பித்திருக்கிறார்கள், நிறையவே இருக்கின்றன.

ஒரு சந்தேகம். எங்கள் அப்ளிகேஷன் மொத்தமாக 60 எம்பி. ரிலீஸ் அன்று காலை ஒன்பது மணிக்குப் பெருந்துறையில் நாற்பது பேரும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகும்?

வைகைக்கரை

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 எம்பி, நாற்பது பேர் என்றால் 2,400 எம்பி. பிட் கணக்கில் 19,200 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் லைனில் அது மட்டுமே போனாலும் 960 விநாடி, அதாவது 16 நிமிடம். அந்த நேரத்தில் பில்லிங் ட்ராஃபிக்கும் அதே லைனில்தான் போகும்.

பெருந்துறையில் ஒரு சின்ன சர்வர் அல்லது நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வைத்து, இரவில் அங்கே ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள். லைனில் ஒரு முறை 60 எம்பி போனால் போதும், காலையில் எல்லோரும் உள்ளூர் நெட்வொர்க்கிலேயே எடுத்துக்கொள்வார்கள். சாதாரண விண்டோஸ் 10 கணினியை ஷேராக வைத்துவிடாதீர்கள், அதில் ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் அனுமதி.

காப்பி செய்ய ரோபோகாப்பி போதும். அது வெற்றி பெற்றாலும் பூஜ்யம் இல்லாத எண்ணைத் திருப்பித் தரும். 8-க்குக் குறைந்த எண்கள் எல்லாம் பிழை இல்லை. பூஜ்யம் இல்லையென்றாலே தோல்வி என்று ஸ்கிரிப்ட் எழுதினால் தினமும் பொய் அலாரம் வரும், கடைசியில் யாரும் மெயிலைப் பார்க்க மாட்டார்கள். "மிரர்" ஆப்ஷன் போடுவதாக இருந்தால் மூல ஃபோல்டர் இருக்கிறதா, காலியாக இல்லையா என்று முதலில் சரிபாருங்கள். மூலத்தில் இல்லாததையெல்லாம் அது மறுமுனையில் அழித்துவிடும்.

டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் (சர்வர்களுக்கிடையே ஃபோல்டரைத் தானாகப் பிரதியெடுக்கும் விண்டோஸ் வசதி) வைக்கப் போகிறீர்கள் என்றால், அது ஃபைல்களை எந்த வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் முதலில் சொன்ன "டெக்ஸ்ட் ஃபைல் கடைசியில்" என்ற ஒழுங்கு அங்கே உடைந்துவிடும். அதற்கு ஒவ்வொரு வெர்ஷன் ஃபோல்டரிலும் ஃபைல் பெயர், ஹாஷ் பட்டியல் ஒன்று வையுங்கள். லாஞ்சர் பட்டியலில் உள்ள எல்லா ஃபைலும் வந்து, ஹாஷும் பொருந்தினால்தான் புது வெர்ஷனுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் பழையதையே திறக்கட்டும், அனுமதி உண்டா இல்லையா என்பதை டேட்டாபேஸ் சொல்லும்.

காவல்_கோபுரம்

தாமதமாக வருகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. அந்த ரிலீஸ் ஃபோல்டரில் எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறதோ, அவர் நினைத்தால் 140 கணினிகளிலும் எந்த புரோகிராமை வேண்டுமானாலும் ஓடவைக்கலாம். உங்கள் நிறுவனத்தில் அதைவிட ஆபத்தான ஃபோல்டர் அதிகம் இருக்காது. பல இடங்களில் அது "எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்" என்றே கிடக்கிறது.

2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள். எம்.இ.டாக் என்பது அங்கே வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு மென்பொருள். நம் பில்லிங் மென்பொருள் மாதிரி, அன்றாட அலுவலகச் சாமான். அதன் அப்டேட் சர்வருக்குள் புகுந்தவர்கள் அப்டேட் வழியாகவே நாட்பெட்யா என்ற நாசகார மால்வேரை அனுப்பினார்கள். உள்ளே ஒரு கணினியில் விழுந்ததும் அது நெட்வொர்க்கில் தானாகப் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமே மாட்டிக்கொண்டு, 20 முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு என்று அறிவித்தது. பயனர்கள் செய்ததெல்லாம் அப்டேட்டை ஏற்றதுதான்.

ஆகவே பயனர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். எழுதுவதற்கு ரிலீஸ் போடும் தனிக் கணக்கு ஒன்று, அதை அன்றாட வேலைக்கு யாரும் பயன்படுத்தக் கூடாது. எக்ஸியிலும், அது பயன்படுத்தும் துணை ஃபைலான டிஎல்எல்லிலும் கோட் சைனிங் கையெழுத்து (யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) போட்டு, லாஞ்சர் அதைச் சரிபார்த்த பிறகே ஓடவைக்க வேண்டும். வைகைக்கரை சொன்ன ஹாஷ் பட்டியல் பாதி இறங்கிய ஃபைலைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. ஃபைலை மாற்றுகிறவன் பட்டியலையும் மாற்றிவிடுவான். பட்டியலுக்கும் கையெழுத்து வேண்டும்.

உள் பயன்பாட்டுக்கு என்பதால் உங்கள் டொமைனின் சொந்தச் சான்றிதழ் ஆணையத்திலிருந்தே சான்றிதழ் எடுக்கலாம். வெளியில் வாங்குவதாக இருந்தால், 2023 ஜூன் 1 முதல் தனித் திறவுகோலை (கையெழுத்துப் போடப் பயன்படும் ரகசியச் சாவி) யூஎஸ்பி டோக்கன் போன்ற ஹார்டுவேரில்தான் தருவார்கள், பில்ட் செய்யும் முறையை அதற்கேற்ப அமைக்க வேண்டியிருக்கும். எதுவானாலும் கையெழுத்துப் போடும்போது டைம்ஸ்டாம்ப்பும் (கையெழுத்திட்ட நேரத்துக்கான சான்று) சேருங்கள். அது இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியான அன்றே ஏற்கெனவே வெளியிட்ட எல்லா வெர்ஷனின் கையெழுத்தும் செல்லாததாகிவிடும்.

கொங்கு_டெவ்

இதோடு ஒன்று சேர்க்கிறேன்: ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கான்ஃபிகரேஷன் ஃபைல் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. அதில் தாக்குதல் எதுவும் இல்லை, வெறும் பிழை. ஒரே வீச்சில் எல்லோருக்கும் போனதால்தான் அவ்வளவு சேதம்.

லாஞ்சரில் இது சுலபம். ஒரு வெர்ஷன் ஃபைலுக்குப் பதில் மூன்று: "சோதனை", "முதல் அலை", "அனைவரும்". ஆக்டிவ் டைரக்டரியில் பயனர் எந்தக் குழுவில் இருக்கிறாரோ அந்த ஃபைலை லாஞ்சர் படிக்கட்டும். முதல் அலையில் டிபார்ட்மென்ட்டுக்கு ஒருவர். ஐடி ஆட்களை மட்டும் வைத்தால் பயனில்லை, நாம் பில் போடுவதில்லை. கிடங்கில் எடை மெஷினோடு இருக்கும் கணினி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

பனியன்நகர்_ஐடி

முடிவு செய்ததை எழுதுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். ரன்டைம், டிரைவர், லாஞ்சர் மூன்றும் குரூப் பாலிசி வழியாக எம்எஸ்ஐயாக, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்த பிறகு. அப்ளிகேஷன் லாஞ்சர் வழியாக. கிளிக்ஒன்ஸை விட்டதற்குக் காரணம், எங்களிடம் ஆப்லாக்கர் (அனுமதித்த புரோகிராம்களை மட்டும் ஓடவிடும் விண்டோஸ் வசதி) இருக்கிறது. லாஞ்சர் புரோகிராம் ஃபைல்ஸில் உட்காரும், அப்ளிகேஷன் ஃபோல்டருக்கு எங்கள் சான்றிதழை வைத்து ஒரே ஒரு பப்ளிஷர் விதி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். பெருந்துறைக்கு இரவு ரோபோகாப்பி. குறைந்தபட்ச வெர்ஷன் டேபிள் இந்த ரிலீஸிலேயே வருகிறது.

புது வெர்ஷனில் கோளாறு என்றால் டெக்ஸ்ட் ஃபைலில் பழைய எண்ணைப் போட்டால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், சரிதானே?

டேபிள்_ஜாயின்

ஃபைல் திரும்பிவிடும். குறைந்தபட்ச வெர்ஷன் எண்ணையும் கூடவே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய அப்ளிகேஷனை டேட்டாபேஸ் உள்ளே விடாது. அதனால் அந்த எண்ணை ரிலீஸ் அன்றே ஏற்றாதீர்கள். முதல் அலை ஓடி முடிந்து, "அனைவரும்" போய்ச் சேர்ந்து, மாதக் கடைசி பில்லிங்கும் ஒரு முறை தாண்டட்டும். அப்புறம் ஏற்றுங்கள்.

தறிநாடா

ஆப்லாக்கர் பப்ளிஷர் விதியில் டிஎல்எல்லையும் சேர்க்கிறீர்களா என்று பாருங்கள். டிஎல்எல் விதிகள் தனியாக ஆன் செய்தால்தான் அமலாகும். ஆன் செய்தால், வெளியாரிடம் வாங்கிய கிரிட் கன்ட்ரோல், பார்கோடு லைப்ரரி போன்றவற்றில் வேறு நிறுவனத்தின் கையெழுத்து இருக்கும், சிலவற்றில் கையெழுத்தே இருக்காது. முதலில் "ஆடிட் ஒன்லி" நிலையில் ஒரு வாரம் ஓடவிட்டு, எவையெல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று ஈவென்ட் லாக்கில் எடுத்துக்கொண்டு, பிறகு அமலாக்குங்கள்.

பனியன்நகர்_ஐடி

கையெழுத்தில்லாத பார்கோடு டிஎல்எல் ஒன்று இருக்கிறது. அதற்கு ஹாஷ் விதி எழுதிவிடுகிறேன். ஆடிட் ஒன்லி நிலையை இன்று மாலை ஐடி கணினிகளில் ஆன் செய்கிறேன், லாக்கில் வந்ததை இங்கேயே போடுகிறேன்.